பன்றி நெல்லும் உன் நுளம்பும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அன்று போனில் பாதியில் நின்ற கதையை எழுதித்தான் முடிக்க வேண்டும் போலிருக்கிறது. நான் ஒன்றை யோசித்துச் சொல்வதற்குள் நீ மூன்றாவது விஷயத்துக்குப் போய்விடுகிறாய். கடிதத்தில் உனக்குக் குறுக்கே பேச வழியில்லை.

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெள்ளாமை குடலைப் பருவத்தில் நிற்கிறது, அறக்கொட்டிப் பூச்சி இன்னும் தலைகாட்டவில்லை. மற்றப் புதினமெல்லாம் அம்மா சொல்லியிருப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நுளம்பின் பரம்பரையலகில் ஒரு மாற்றத்தைப் புகுத்தி, அது தலைமுறை தலைமுறையாகத் தானே இனம் முழுக்கப் பரவ விட்டு மலேரியாவை ஒழிக்கப் பார்க்கும் வழிக்கு ஜீன் ட்ரைவ் என்று பெயர் சொன்னாய். அடுத்த மாதம் உங்கள் பல்கலைக்கழக விவாதத்தில் அதை ஆதரித்துப் பேசப் போவதாகவும் சொன்னாய். நான் இழுத்துப் பேசியதும், "மலேரியாவில் கிடந்து எழும்பின உங்களுக்குத்தானே அப்பா இது முதலில் விளங்க வேண்டும்" என்று கேட்டாய். நீ அனுப்பியவற்றைத் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். விளங்காமல் இல்லை. விளங்கினதால்தான் இழுக்கிறேன்.

மலேரியாவைப் பற்றி நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுச் சுவருக்கு மலத்தியன் அடிக்க வருவார்கள். அந்த மணம் நாள்கணக்கில் போகாது. சண்டைக் காலத்தில் அதுவும் ஒழுங்காக வருவதில்லை. உன் பெரியப்பாவுக்கு நடுக்கல் காய்ச்சல் பிடித்தபோது மண்டூரிலிருந்து பாதையில், அந்த வாவி கடக்கும் மிதவையில், ஏற்றி, குருமண்வெளிப் பக்கம் இறக்கி, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று போர்வை போர்த்தியும் மனுஷன் கட்டில் ஆட நடுங்கினார். குளோரோக்குவின் குளிசையின் கசப்பு எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் மலேரியா. அதில் நம்முடைய வடக்கு கிழக்குதான் நன்றாக அடிபட்டது.

அப்படி இருந்த நாட்டில் 2012 ஒக்டோபரோடு உள்ளூர் மலேரியா நின்றுபோனது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம்மை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எப்படி நடந்தது? நுளம்பை ஒழித்தா? இல்லை. முன்பு மலேரியாவைப் பரப்பின அதே அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இப்போதும் இங்கே பறந்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து தோய்த்த வலை கொடுத்தார்கள், வீட்டுக்குள் மருந்து அடித்தார்கள், காய்ச்சல் என்றால் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நோயாளியை விடாமல் தேடிப்போய்க் குளிசை கொடுத்தார்கள். நுளம்பு மிஞ்சியது, அதன் வயிற்றிலிருந்த கிருமி போய்விட்டது.

இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 1963இல் இலங்கையில் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பதைக் கைவிட்டார்கள். 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. நுளம்பு இருக்கும் வரை வாசல் திறந்துதான் கிடக்கிறது என்பாய். இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி நுளம்பை 2016 கடைசியில் மன்னாரிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடித்ததையும் சொல்வாய். உண்மைதான். ஆபிரிக்காவின் கணக்கு இதைவிடப் பெரியது என்பதையும் மறுக்கவில்லை. 2023இல் உலகம் முழுக்க மலேரியாவால் செத்தவர்கள் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆபிரிக்காவில், அதிலும் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். அங்கே கடிக்கும் நுளம்பு மனித இரத்தத்தையே தேடி வரும் சாதி. மருந்துகளுக்கும் பழகிவிட்டது. "இலங்கை செய்தது, நீங்களும் செய்யுங்கள்" என்று அந்தத் தாய்மாருக்கு இங்கிருந்து புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே நான் வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை. எனக்குள்ள தடங்கல் வேறு.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். வழக்கமாகத் தாயிடமோ தகப்பனிடமோ ஒரு பிரதியாக இருக்கும் பரம்பரையலகு பிள்ளைக்குப் போவது பாதிக்குப் பாதி. இவர்கள் கிறிஸ்பர் என்ற வெட்டும் கருவியையும் அதோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். அது சோடிப் பிரதியை வெட்டும். உயிர்க் கலம் அந்த வெட்டைப் பொருத்தும்போது இதையே பார்த்து எழுதிக்கொள்ளும். அதனால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஒஸ்டின் பேர்ட் 2003இலேயே இந்த வழியை எழுதியிருக்கிறார். 2018இல் அதே இடத்தில் அந்திரேயா கிறிசாந்தியின் குழு கூண்டுக்குள் செய்து காட்டியது. இரண்டு பிரதியும் கிடைத்த பெட்டை நுளம்பு கடிக்கவும் மாட்டாது, முட்டையிடவும் மாட்டாது. ஆண் நுளம்புக்கு ஒரு குறையுமில்லை, அது போய்ப் பரப்பிக்கொண்டே இருக்கும். ஏழிலிருந்து பதினொரு தலைமுறைக்குள் கூண்டு காலி. வாசித்தபோது எனக்கே புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

கூண்டுக்குள் சரி. வெளியே?

நான் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையாக இருந்த காலத்தில் இந்தப் பக்கம் பன்றி நெல் பரவியதை நீ மறந்திருக்க மாட்டாய், பள்ளிக்கூட விடுமுறையில் உன்னையும் பிடுங்க விட்டோமே. முளைக்கும்போது பார்த்தால் நெல்தான். கதிர் வந்த பிறகுதான் முகம் காட்டும். நாம் வெட்டுவதற்கு முன்பே தன் மணியை உதிர்த்துவிடும். களைநாசினியும் அடிக்க ஏலாது, அதுவும் நெற்சாதிதானே, அதைக் கொல்வது நம் பயிரையும் கொல்லும். யாரோ ஒருவர் வாங்கின விதை நெல்லோடு வந்திருக்கும், இல்லாவிட்டால் வெட்டு மெஷினில் ஒட்டி வந்திருக்கும். ஒரு வயலுக்குள் வந்தது, இரண்டு மூன்று போகத்தில் வாய்க்கால் வழியே கீழ் வயல்களுக்கும் போய்விட்டது. கீழே வயல் செய்தவர்கள் அந்த விதையை வாங்கவும் இல்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. உன் ஜீன் ட்ரைவில் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம் இதுதான். ஒருவர் போட்டது எல்லாருக்கும் போகும், திரும்பக் கூப்பிட முடியாது.

நுளம்புக்கு வாய்க்கால்கூடத் தேவையில்லை. மாலி நாட்டில் பலூனில் வலை கட்டிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். நிலத்திலிருந்து 290 மீற்றர் உயரத்திலும் நுளம்பு சிக்கியிருக்கிறது. ஒரே இரவில் காற்று அவற்றை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கொண்டுபோகும் என்று 2019இல் எழுதினார்கள். ஒரு நாடு ஒப்புக்கொண்டு விட்டால் பக்கத்து நாடும் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

இயற்கையிலும் இப்படி நடக்கிறதே என்றாய். பழ ஈக்களில் பி மூலகம் என்ற துண்டு போன நூற்றாண்டில் சில பத்து ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் பரவியதை உதாரணம் காட்டினாய். அதைக் கேட்டு எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை, மகள். யாரும் தள்ளாமலே அவ்வளவு வேகம் என்றால், தள்ளிவிட்டால்?

நீ அனுப்பியவற்றில் எனக்குப் பிடித்த ஆள் அமெரிக்க விஞ்ஞானி கெவின் எஸ்வெல்ட். 2014இல் கிறிஸ்பரை வைத்து இதைச் செய்யலாம் என்று சொன்னவரும் அவர்தான், 2017இல் தானாகப் பரவும் வகையைத் தீவுகளில் எலி ஒழிக்கவெல்லாம் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், அது புதிய ஊடுருவும் உயிரினத்தை விடுவது மாதிரி என்று எழுதினவரும் அவர்தான். உண்ணி பரப்பும் லைம் நோயைக் குறைக்க எலியின் பரம்பரையலகை மாற்றும் இன்னொரு யோசனையோடு, அதில் ட்ரைவ்கூடக் கிடையாது, அமெரிக்காவில் நன்ரக்கெற் தீவுக்குப் போயிருக்கிறார். ஒரு எலியைக்கூட மாற்றுவதற்கு முன்பே அங்குள்ள சனத்தைக் கூட்டி, இதைச் செய்யட்டுமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அதுதான் ஒழுங்கு. நவகிரிக் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது, எந்த வயது நெல் விதைப்பது என்பதை நாங்கள் கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்போம். ஒருவர் பிந்தி விதைத்தால் பூச்சி அவர் வயலில் தங்கி மற்றவனுக்கும் வரும்.

ஆனால் கூட்டத்தைப் பெரிதாகப் புகழவும் என்னால் முடியாது. நம் கூட்டங்களில் பேசுவது யார்? காணிச் சொந்தக்காரர். குத்தகைக்குச் செய்கிறவன் பின்னால் நிற்பான். களை பிடுங்குகிற பெண்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. 2018இல் எகிப்தில் கூடிய உயிரினப் பல்வகைமை மாநாட்டில், ஜீன் ட்ரைவ் உயிரினங்களை வெளியே விடுவதற்கு முன் அந்த இடத்து மக்களின் சம்மதத்தைத் தேட வேண்டும் என்று எழுதி வைத்தார்களாம். நல்ல காரியம். அந்த இடத்து மக்கள் என்று யாரைக் கேட்பார்கள், தலைவரையா, பின்னால் நிற்பவனையா? விவாதத்தில் இதைக் கேட்டுப் பார். உன் பக்கத்து ஆட்களிடமும் கேள்.

புர்கினா ஃபாசோவின் கதையும் இதே கேள்விதான். டார்கெட் மலேரியா என்ற அமைப்பு அங்கே ஆண்டுக்கணக்கில் கிராமத்தவரோடு பேசி, 2019இல் பானா கிராமத்தில் மலட்டு ஆண் நுளம்புகளை விட்டது. அவற்றில் ட்ரைவ் இல்லை, பரவாது, அது வெறும் ஒத்திகை. அவ்வளவு பொறுமையாகப் போயும் 2025 ஓகஸ்டில் அந்த நாட்டு அரசு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டது. கிராமம் ஓம் என்றது, அரசு இல்லை என்றது. இதில் எதைச் சனத்தின் சொல் என்பது? அந்த வருடம் ஒக்டோபரில் அபுதாபியில், இயற்கைப் பாதுகாப்புக்கான ஐயுசிஎன் அமைப்பின் மாநாட்டில், இப்படி மாற்றிய உயிரினங்களை வெளியே விடுவதை முழுவதுமாக நிறுத்தி வைக்கும் பிரேரணை மயிரிழையில் தோற்றது. உலகமே இரண்டாகத்தான் நிற்கிறது, நீயும் நானும் போனில் சண்டை பிடித்ததில் அதிசயமில்லை.

என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வருடம் இத்தனை இலட்சம் பிள்ளைகளைக் கொல்லும் நோய்க்கு, அந்தப் பிள்ளைகளின் ஊர்களும் காற்று போகும் வழியிலுள்ள நாடுகளும் சேர்ந்து கேட்டால், கவனமாகச் செய்யட்டும். அதற்கு மேலே போகக் கூடாது. கலிபோர்னியாவில் செர்ரிப் பழத்தைக் கெடுக்கும் ஈக்கும் இதையே ஆராய்கிறார்களாம், பழத் தோட்டக்காரர் பணம் கொடுக்கிறார்களாம். அந்த ஈயின் சொந்த இடம் ஆசியா. அவர்களுக்குப் பீடை, சொந்த இடத்தில் அது காட்டின் ஒரு உயிர். எலி வெட்டின வரம்பைக் கட்டிக் கட்டி அலுத்த எனக்கும் எலிக்கு ஒரு ட்ரைவ் விட ஆசை வராதா? வரும். ஆனால் சாரைப்பாம்பும் ஆந்தையும் எதைத் தின்னும்? கமக்காரனின் எரிச்சல் ஒரு இனத்தை அழிக்கப் போதுமான காரணமில்லை.

இன்னொன்று. இங்கே இப்போது நம்மைக் கொல்வது மலேரியா இல்லை, டெங்கு. 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு வந்தது, மட்டக்களப்பும் கல்முனையும் தப்பவில்லை. அதற்கு வொல்பாக்கியா என்ற பற்றீரியாவை நுளம்புக்குள் விடும் வழி இருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்கு 77 வீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. கொழும்பிலும் நுகேகொடை, பொரளைப் பக்கம் விட்டுப் பார்த்தார்கள். அதுவும் பரவும்தான், ஆனால் இனத்தை அழிப்பதில்லை. இதை வைத்து எதிர்ப்பக்கத்தார் உன்னை மடக்குவார்கள், பதிலை இப்போதே யோசித்து வை. மலேரியா நுளம்பில் வொல்பாக்கியா அவ்வளவு லேசில் தங்காது என்று தம்பி எங்கேயோ வாசித்துச் சொன்னான், சரி பார்த்துக்கொள்.

பெரியப்பாவின் கதையை விவாதத்தில் சொல்ல விரும்பினால் சொல், அவர் சம்மதம் கொடுத்துவிட்டார். போர்வையை மூன்று என்றே சொல்ல வேண்டுமாம், ஐந்தாக்கக் கூடாதாம்.

பேசி முடித்ததும் எடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை. புது விலாசத்தையும் அனுப்பு, அம்மா ஒடியல் மாவும் கருவாடும் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறா.

அன்புடன்,
அப்பா