ஆர்வெலின் கடைசி நான்கு வருடம்: உன் கைப்பிரதிக்கு அப்பாவின் திருத்தங்கள்

தருமபுரி

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் வாழ்க்கையைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கைப்பிரதியை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஸ்பெயின் சண்டை, பத்திரிகை வேலை, அரசியல் எல்லாம் உன் பாடு. நான் பேனா எடுத்தது 1946-க்குப் பிறகு வரும் பக்கங்களில்தான். அது முழுக்க டிபி சமாச்சாரம். அதில் நீ வார்த்தையை நம்பிவிட்டு நோயை விட்டுவிட்டாய்.

‘1984’-ஐப் பற்றி “அந்த நாவல் அவர் உயிரைக் குடித்தது” என்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் எடுத்துவிடு. எழுத்து யாரையும் கொல்வதில்லை. ஆறாத குழி ஒன்று நுரையீரலில் இருந்தது, மருந்து பாதியில் நின்றது, படுத்திருக்க வேண்டியவர் உட்கார்ந்து டைப் அடித்தார். இந்த மூன்றையும் தேதியோடு வரிசையாக வைத்தால் போதும், படிக்கிறவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள். “எலும்புருக்கி நோய்” என்ற சொல்லையும் மாற்று. பழைய நாவல்களுக்கு அது பொருந்தும். உருகுவது சதைதான், எலும்பு அப்படியே இருக்கும். காசநோய் என்று எழுது; பேச்சு வருமிடத்தில் டிபி என்றே விடு.

ஆரம்பத்தை 1947-ல் வைக்காதே. 1938 மார்ச்சிலேயே இருமலில் இரத்தம் கண்டு கென்ட் மாவட்டத்தில் பிரெஸ்டன் ஹால் சானடோரியத்தில் சேர்ந்தார். அங்கே சொன்னது இடது நுரையீரலில் மூச்சுக்குழாய் விரிந்துபோனது என்று. டிபி என்று உறுதியாகவில்லை. அந்த விரிந்த குழாயில் சளி தேங்கும், வருஷா வருஷம் குளிர்காலத்தில் காய்ச்சல் வரும். அதோடு கையால் சுருட்டிய கடும்புகையிலை, நாள் முழுக்க. சுகவீனம் என்றால் “வழக்கமான மார்புச் சளி” என்று தள்ளிப்போட்டுப் பழகிவிட்டார். டிபி நோயாளிகள் தாமதமாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்: ஏற்கெனவே ஓர் இருமல் இருந்தால் புது இருமல் கண்ணில் படாது.

1945 மார்ச் 29-ல் மனைவி ஐலீன் நியூகாசிலில் அறுவை மேசையில் மயக்கமருந்து கொடுத்த நிலையிலேயே இறந்தார், வயது 39. இவர் அப்போது ஐரோப்பாவில் போர்ச் செய்தியாளர். தத்தெடுத்த ரிச்சர்டுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இதை நீ நன்றாக எழுதியிருக்கிறாய், ஒரு சொல்லும் தொடவில்லை.

அவர் அந்த நாவலை எழுதிய ஸ்காட்லாந்தின் ஜூரா தீவு விஷயத்தில் மட்டும் ஒரு யோசனை. “தனிமையான தீவு” என்று எழுதினால் நம் ஆளுக்கு ஒன்றும் புரியாது. அங்கே அவர் தங்கிய பார்ன்ஹில் வீட்டில் மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. கடை இருந்த கிரெய்க்ஹவுஸ் ஏறக்குறைய 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். இங்கிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அதைவிடச் சற்றே குறைவு என்று சொல்லிவிடு. அதிலும் கடைசி ஏழெட்டு மைல் வெறும் கரடுமுரடான தடம். அடிக்கடி மக்கர் செய்யும் மோட்டார் சைக்கிள். மண்ணெண்ணெய் விளக்கு, அறையில் புகையும் மண்ணெண்ணெய் அடுப்பு. கெட்டுப்போன நுரையீரலுக்கு இதைவிட மோசமான அறை வேண்டியதில்லை. டாக்டரைக் கூப்பிட வேண்டுமானால் முதலில் ஓர் ஆள் அந்தத் தடத்தைக் கடந்து போக வேண்டும். தங்கை அவ்ரில் கூட இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் பெயர் உன் பிரதியில் ஒரே தடவைதான் வருகிறது, அது தப்பு. பின்னால் பையனை வளர்த்தவரும் அவர்தான்.

1947 ஆகஸ்ட்டில் ஜூராவுக்கு வடக்கே கோரிவ்ரெக்கன் கடல்சுழியில் படகு மாட்டிய சம்பவத்தை நீ சாகசமாக எழுதியிருக்கிறாய். அது கணக்குப் பிழை. கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிட்டார். சுழியின் அலையில் படகின் மோட்டார் கழன்று கடலில் போனது, துடுப்புப் போட்டு ஒரு பாறைத் திட்டுக்கு ஒதுங்கும்போது படகு கவிழ்ந்தது. மூன்று வயது ரிச்சர்டும் அதில் இருந்தான். கடல் நண்டு பிடிக்கப் போன மீனவர்கள் வந்து ஏற்றிக்கொண்டார்கள். ஒகேனக்கலில் தண்ணீர் வரத்து ஏறினால் பரிசலை ஏன் இறக்கவிடுவதில்லை என்பதை அறிந்த நம்மூர்க்காரனுக்கு இதில் வீரம் எதுவும் தெரியாது. ஆனால் நனைந்து குளிரில் கிடந்ததால்தான் டிபி வந்தது என்று நீ சேர்த்த வரி வேண்டாம். கிருமி அதற்கு வெகுநாள் முன்பே உள்ளே இருந்திருக்கும். உடம்பின் தெம்பு இறங்கும்போது எழுந்துகொள்வது அதன் குணம்.

அந்த இலையுதிர் காலத்தில் நாவலின் முதல் பிரதியை முடித்தார். டிசம்பரில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைடு, ஹேர்மைர்ஸ் ஆஸ்பத்திரி. இங்கே நீ ஒரு பத்தியில் தாண்டிப் போயிருக்கிறாய். என்னைக் கேட்டால் புத்தகத்தின் நடுமையமே இதுதான், ஐந்து பக்கம் கொடு.

முதலில் காற்று வைத்தியம். நுரையீரலில் குழி விழுந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அது விரிந்து சுருங்குவதால் மூடாது. அதை அசையாமல் வைத்தால் ஆறும் என்பது அக்கால நம்பிக்கை. அதற்காக, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பைக் கழுத்தில் நசுக்கி அந்தப் பக்கத்தை முடக்கினார்கள். பிறகு வயிற்றுக்குள் ஊசி இறக்கிக் காற்றை ஏற்றினார்கள். காற்று உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் அமுங்கும். ஏற்றிய காற்றை உடம்பு உறிஞ்சிவிடுவதால் வாராவாரம் திரும்ப ஏற்ற வேண்டும். வயிறு உப்பிக்கொண்டு, சாப்பாடு இறங்காமல், மாதக்கணக்கில். “ஓய்வெடுத்தார்” என்று நீ எழுதிய இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அடுத்தது ஸ்ட்ரெப்டோமைசின். அமெரிக்காவில் 1943-ல் கண்டுபிடித்த மருந்து. பிரிட்டனில் சோதனைக்கு மட்டும்தான் இருந்தது, வெளியே கிடைக்காது. வாங்கவோ டாலர் தட்டுப்பாடு. முந்தைய நாவல் ‘விலங்குப் பண்ணை’ அமெரிக்காவில் விற்ற பணம் இவருக்கு அங்கே இருந்தது. நண்பர் டேவிட் ஆஸ்டர் ஏற்பாடு செய்ய, சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் அனுமதி கொடுக்க, 70 கிராம் வந்தது. 1948 பிப்ரவரியில் தொடங்கித் தினம் 1 கிராம், தசையில் ஊசி, 50 நாள்.

அதன் பின்விளைவை நீ “ஒவ்வாமை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். தோல் சிவந்து உரிந்தது. வாய், தொண்டையில் புண். இராத்திரியில் உதட்டில் கசியும் இரத்தம் உறைந்துபோய், காலையில் கழுவின பிறகே வாயைத் திறக்க முடிந்தது. முடி கொட்டியது, நகம் சிதைந்தது. இதையெல்லாம் அவரே ஒரு வருஷம் கழித்துக் குறிப்பேட்டில், பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்ததைப் போல விலகி நின்று எழுதி வைத்திருக்கிறார். அந்த மருந்துக்கு வழக்கமான கெடுதல் காது மந்தமும் தலைசுற்றலும். இப்படி மேலெல்லாம் கொந்தளிப்பது வேறு ரகம். இன்றைக்கு என்றால் மருந்தை மாற்றிவிடுவோம். அன்று மாற்ற இன்னொரு மருந்து கையில் இல்லை. ஊசியை நிறுத்தினார்கள். மிஞ்சியதை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார். அதில் இரண்டு டாக்டர்களின் மனைவிமார் பிழைத்ததாகச் சொல்வார்கள்.

சளியில் கிருமி தென்படவில்லை என்று ஆனதும் ஜூலை கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். “குணமடைந்து திரும்பினார்” என்ற உன் வரி இங்கேதான் சறுக்குகிறது. சளி நெகடிவ் என்பது நடுவழி. குழிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் சில, பிறவியிலேயே ஒரு மருந்துக்கு அடங்காதவை. ஒரே மருந்து கொடுத்தால் மற்றவை செத்து, அவை பெருகும். பிரிட்டிஷ் ஆய்வு முடிவு 1948 அக்டோபரில் வெளிவந்தது: மருந்து கொடுத்த 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேர். அதே ஆய்வுதான் மருந்துக்கு அடங்காத கிருமி கிளம்புவதையும் காட்டியது. ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற இரண்டாவது மருந்தைச் சேர்த்தால் அந்தக் கிளம்பலைத் தடுக்கலாம் என்பது 1949 முடியும்போதுதான் தெரிந்தது. ஐசோநயாசிட் என்ற இன்னொரு டிபி மருந்து வந்தது 1952-ல். இந்த வருடங்களை அவர் வாழ்க்கைத் தேதிகளுக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு அத்தியாயத்தைத் திரும்ப எழுது.

இப்போது டைப். இரண்டாவது பிரதி முழுக்க அடித்தலும் திருத்தலும். எழுதியவர் பக்கத்தில் இல்லாமல் இன்னொருவரால் படிக்க முடியாது. ஜூராவுக்கு வர டைப்பிஸ்ட் கிடைக்கவில்லை. 1948 நவம்பரில் தானே உட்கார்ந்தார், தினம் நாலாயிரம் சொல் அளவில், கார்பன் வைத்து. உன் தலைமுறைக்கு இதன் பளு தெரியாது. கார்பன் வைத்தால் அடித்தாளிலும் எழுத்து விழும்படி ஒவ்வொரு விசையையும் குத்த வேண்டும். ஒரு பிழை என்றால் எல்லாத் தாளிலும் அழிக்க வேண்டும். தோள்பட்டையும் மார்பும் ஓயாது. படுக்கை ஓய்வுதான் அன்று அவருக்கு இருந்த ஒரே மருந்து, அதைத் தினமும் தவறவிட்டார். “தியாகம்” என்று போடாதே. பிரதியை மூட்டைகட்டி வைத்துவிட்டு மூன்று மாதம் படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? குழி இருந்த நிலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாள் கூடியிருக்கும்.

நோயாளி எழுத்தாளன் என்றால் சந்தனம் பூசிவிடுவது நமக்குப் பழக்கம். பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23-ல் இறந்த சுப்பிரமணிய சிவாவையும் தொழுநோயோடு நடந்த தியாகி என்று முடித்துவிடுகிறோம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் இங்கே நிலம் வாங்கி ஆசிரமம் போட்டுப் பாரதமாதா கோயிலுக்கு அலைந்த அலைச்சலைக் கேட்பார் இல்லை.

1949 ஜனவரி முதல் வாரம் கிளாஸ்டர்ஷயரில் கிரேன்ஹாம் சானடோரியம். பாஸ் கொடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசினை மறுபடி முயன்றபோது உடம்பு கடுமையாக எதிர்த்ததால் விட்டுவிட்டார்கள். ஜூன் 8-ல் ‘1984’ வெளிவந்தபோது அவர் படுக்கையில்.

பையனைக் கிட்டே சேர்க்காததை “பாசத்தைக் காட்டத் தெரியாத மனிதர்” என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, அந்தப் பத்தியை முழுவதும் கிழி. சளியில் கிருமி உள்ளவர் இருமும் காற்றில் இது பரவும். சின்னப் பிள்ளைக்கு ஒட்டினால் மூளை வரை போகும். அது தெரிந்து தள்ளி வைத்தார். ஜூராவில் பிள்ளைக்குக் கொடுக்கும் பாலைப் பற்றியும் அவருக்கு இதே பயம். டிபி உள்ள மாட்டின் காய்ச்சாத பாலில் கிருமி வரும், கழுத்தில் கண்டமாலை கட்டும். பாலைப் பொங்கவிட்டு இறக்குகிற நம் வீடுகளில் இது பெரிய விஷயமில்லை. பச்சைப்பாலைக் குடிக்கிற ஊரில் பெரிய விஷயம். தன்னை எப்போதும் படுத்தே பார்க்கும் பிள்ளை தன்னை அப்பா என்று நினைக்குமா என்று அவர் தவித்ததும் உண்மை. பையன் வந்தால் எங்கே அடிபட்டது என்று கேட்பானாம்.

நீ தினம் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிற சேத்துப்பட்டு டிபி மையம் 1956-ல் தொடங்கி, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் சேர்ந்தாலும் பலன் ஒன்றுதான், கூட இருக்கும் குடும்பத்துக்கும் அதிக ஆபத்து இல்லை என்று ஊருக்கெல்லாம் காட்டியது. அந்த முடிவு வந்தது 1959-ல், பத்து வருடம் பிந்தி. அடிக்குறிப்பாகவாவது சேர்.

செப்டம்பரில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி. அக்டோபர் 13-ல் படுக்கையருகே சோனியா பிரவுனெலோடு கல்யாணம். விருந்து ரிட்ஸ் ஓட்டலில், மாப்பிள்ளை இல்லாமல். சோனியாவைப் பற்றி நீ எழுதியிருக்கும் ஊகங்கள் எதற்கும் எக்ஸ்ரே இல்லை, விட்டுவிடு. 1950 ஜனவரியில் விமானத்தில் சுவிட்சர்லாந்து போக எல்லாம் தயார். 18-ஆம் தேதி உயில் எழுதினார். தன் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதக் கூடாது என்றும் சொன்னார் (நீ எழுதுகிறாய், அது உனக்கும் அவருக்கும்). 21-ஆம் தேதி விடியுமுன் போய்விட்டார். வயது 46.

“இரத்த வாந்தி எடுத்து இறந்தார்” என்பது தவறு. வாந்தி வயிற்றிலிருந்து வருவது, பெரும்பாலும் கருத்துக் காப்பித்தூள் மாதிரி இருக்கும். இது நுரையீரல் இரத்தம்: பளிச்சென்ற சிவப்பு, நுரையோடு. குழியின் சுவர் ஓரம் ஓடும் தமனி அரித்து மெலிந்து ஒரு நாள் வெடிக்கும். இரத்தம் குறைந்து சாவதைவிட மூச்சுக்குழாய் நிரம்பி மூச்சடைத்துச் சாவதே அதிகம். நிமிஷங்களில் முடிந்துவிடும், பக்கத்தில் ஆள் இருந்தாலும். அதனால் “தனியாக விடப்பட்டார்” என்ற குற்றச்சாட்டும் நிற்காது.

சுவிட்சர்லாந்தில் மீன்பிடிக்க என்று வைத்திருந்த தூண்டில் கோல் அந்த அறையில் சாத்தியபடி இருந்தது. அதை வைத்துக்கொள். அதற்கு அடுத்து நீ எழுதிய நாலு வரி வேண்டாம்.

கைப்பிரதியைச் சென்னை பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன், கூடவே ராகி மாவு இரண்டு கிலோ. சிவப்பு மையில் இருப்பது மருத்துவத் தவறு, கட்டாயம் திருத்து. பென்சிலில் இருப்பது அப்பாவின் அபிப்பிராயம், வேண்டாமென்றால் ரப்பர் வைத்து அழித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா