இரண்டு டிம்பனி, ஒரு தவில்: நன்றி மடல்

டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதி அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை கச்சேரி நல்லபடியாக முடிந்தது. கைதட்டல் மேடையில் நின்றவர்களோடு போய்விட்டது. மற்றவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி கச்சேரிக்கு இசை எழுதிய பெரியவருக்கே. வேலைக்காலம் முழுக்க ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில், தாள வாத்தியக்காரராக நின்றவர் அவர். அந்த வரிசையின் வேலை வெளியே தெரியாது. ராவெலின் 'பொலேரோ'வில் ஸ்னேர் டிரம் என்ற சின்ன முரசை அடிப்பவர் ஒரே தாளக்கட்டை 169 முறை அடிக்கணும், முணுமுணுப்பில் தொடங்கி உச்சம்வரை. த்வோராக்கின் ஒன்பதாம் சிம்ஃபனியிலோ சிம்பல் என்ற ஜோடித் தட்டுக்கு ஒரே ஒரு அடி, அதுவும் மெதுவாக. மீதி நேரமெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்பதுதான். கணக்குப் பிசகினால் அந்த அடி எங்கே விழுந்தது என்று சபை முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர் இசை எழுதும்போதும் அந்தக் கணக்கு கூடவே வருகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபுவை 'தகிட தகதிமி' என்று 7/8இல் எழுதியிருந்தார். தவில் தனியே ஓடும் இடங்களில் அதன் சொற்கட்டையே டிம்பனி (செம்புக் கிண்ணத்தில் தோல் போர்த்திய பெரிய முரசு) வாசிப்பவர் தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தார். பக்கம் திருப்புவதெல்லாம் ஓய்வில்தான் வரும். வாத்தியம் வாசித்தவர் எழுதினால் இப்படித்தான்.

அடுத்து, மோட்டார் பட்டறை அண்ணனுக்கு. 29 அங்குலம், 26 அங்குலம் இரண்டு பழைய டிம்பனியும் சுருதி மாற்றும் பெடலை மிதித்தால் கிறீச்சிட்டன. தோல் பழசு என்றுதான் எல்லாரும் சொன்னோம். அவர் கழற்றிப் பார்த்தார்: செம்புக் கிண்ணத்தின் விளிம்பில் வருஷக்கணக்கான அழுக்கு. துடைத்து, டெஃப்லான் டேப் ஒட்டினார். தோலைக் கழற்றினால் ஸ்பிரிங் பெடலை வெடுக்கென்று இழுத்துவிடும். முன்னதாகவே மரக்கட்டை முட்டுக் கொடுத்தது அவர் புத்தி. புதுத் தோலைக் கிண்ணத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாக, 31, 28 என்று வாங்கச் சொன்னவரும் அவரே. திருகுகளை முதலில் விரலால் மட்டும் முடுக்கி, பிறகு எதிரெதிராக அரைச்சுற்று அரைச்சுற்றாக ஏற்றினார். ஒவ்வொரு திருகின் அருகிலும், விளிம்பிலிருந்து நாலு விரற்கடை உள்ளே தட்டிப் பார்க்கணும். ஒரு இடம் தாழ்ந்தாலும் சுருதி நிற்காமல் அலையும். ஒரு நாள் விட்டு மறுபடி சரிபார்த்தார். பெரியதில் பஞ்சமம், சின்னதில் ஷட்ஜமம், அதாவது ஜி, சி. தம்புராவில் கேட்டுப் பழகிய காதுக்கு அதைவிட என்ன வேண்டும்.

தவில் வாசித்த தம்பிக்கும் நன்றி. போல்ட் வைத்த தவில்தான், ஆனாலும் டர்பன் கடற்காற்றில் தோல் தொய்ந்துவிடுகிறது. ஏசி போட்டால் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். அதனால்தான் மண்டபக் காவலர் தாத்தா இரண்டு மணி நேரம் முன்பே ஏசி போட்டு வைத்தார்; தவிலும் அந்தக் குளிரிலேயே அமர்ந்துவிட்டது. விரலில் மாட்டும் கூட்டோடு முழு வேகத்தில் அடித்தால் வயலின் காணாமல் போகும். தம்பி முகம் சுளிக்காமல் மேடையோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு தவில்காரர் அப்படி நகர்வது சின்ன விஷயமில்லை!

சிம்பல் பிடித்த பள்ளி மாணவிக்கு ஒரு சபாஷ். இரண்டு தட்டும் நேருக்கு நேர் ஒட்டினால் நடுவில் காற்று அடைபட்டு 'சப்' என்று செத்துவிடும். ஒரு விளிம்பு சற்று முந்தித் தொடணும். அன்று ஒரு அடிகூடச் சாகவில்லை.

பக்கி (சாமான் ஏற்றும் சின்ன வண்டி) கொண்டுவந்த இரண்டு அண்ணன்மாருக்கு: வாடகைக்குக் கொடுத்த இடம் உறைகூடத் தரவில்லை. நீங்கள் டிம்பனியை வளையத்தில் பிடிக்காமல் கால்சட்டத்தில் பிடித்துத் தூக்கியதால்தான் சுருதி குலையாமல் வந்தது. பிரியாணி, வடை செய்த அக்காமாருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. பாத்திரங்கள் கழுவித் தயாராக இருக்கின்றன.

டிம்பனிக்குச் சுற்றிய போர்வைகள் ஏழு. ஆறுக்கு ஆள் தெரியும். பச்சைக் கட்டம் போட்டது யாருடையது? மண்டபத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விழாக் குழுவினர்
சாட்ஸ்வர்த், டர்பன்