மரம் வெள்ளையாகவும் இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கலைத் திருவிழா என்று சொல்லிப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறார்கள்' என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் தகப்பனின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நடுவராகக் கூப்பிட்டால் இன்றைக்கும் கிளம்பிப் போய்விடுவேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கல்வித்துறை 2022-23-ல் கலைத் திருவிழா என்ற இந்தப் போட்டிகளைத் தொடங்கியபோது ஆறு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் நடந்தது. அப்புறம் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் இறங்கி வந்தது, அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்துகொண்டன. பள்ளியில் ஜெயித்தால் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மையம், அங்கிருந்து வட்டாரம், மாவட்டம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாநிலம் வரை போய்க் கலையரசன், கலையரசி பட்டத்தோடு திரும்பலாம். வாண்டுகளுக்கு மாறுவேடமும் களிமண் பொம்மையும் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, மணற்சிற்பம் என்று பட்டியல் நீளம். ஆண்டுக்கு ஒரு கருப்பொருளும் கொடுக்கிறார்கள். 2025-26-க்குக் கொடுத்தது 'பசுமையும் பாரம்பரியமும்'.

வம்பு இந்தக் கருப்பொருளில்தான் ஆரம்பிக்கிறது. தலைப்பு வந்ததும் பெரியவர்கள் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். அழுகிற பூமி உருண்டை, பாதி பச்சையும் பாதி கருகலுமாக ஒரு மரம், இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு செடி, கீழே 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்'. நடுவர் மேஜையில் தாள்களைப் பரப்பினால் ஒரே படத்தைப் பல பேர் போட்ட மாதிரி இருக்கும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைத்தான் வரையச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் சமர்த்தாக வரைந்துவிட்டது.

ஒரு போட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். கூந்தன்குளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன். நாங்குநேரி வட்டாரத்தில் இருக்கும் அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்தோடு நிற்பதில்லை, ஊருக்குள்ளே வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இந்தப் பையன் ஒரு வேப்பமரம் வரைந்திருந்தான். கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குள் குஞ்சுகளின் அலகு. ஆனால் இலைக்குப் பச்சையே அடிக்கவில்லை, முக்கால்வாசி வெள்ளையாக விட்டிருந்தான். அழைத்து வந்த ஆசிரியர் பதறிப்போய், "தலைப்பே பசுமைலே, பச்சையை அடி" என்று கலர் டப்பாவை நீட்டுகிறார். பையன் மெல்ல, "எச்சம் விழுந்து வெள்ளையாத்தான் சார் இருக்கும்" என்றான்.

அவன் சொன்னதுதான் நிஜம். அத்தனை பறவை உட்காரும் மரத்தில் இலை அப்படித்தான் இருக்கும். எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பதும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பசுமையும் பாரம்பரியமும் என்று தலைப்புக் கொடுத்தவர் மனதில் இருந்ததை அந்த வெள்ளை மரம் ஒன்றே காட்டிவிட்டது. நான் முழு மதிப்பெண் போட்டேன். மற்ற நடுவர்கள் போடவில்லை, அவன் இரண்டாம் இடத்தோடு போனான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் நீண்டுவிடும்.

ஆகவே தம்பி தங்கைகளா, தலைப்பைக் கேட்டதும் போனைத் தேடாதீர்கள். வாசலுக்கு வாருங்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தமடையில் பாய் நெய்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய பாய். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நார்நாராகக் கிழித்து, சாயம் ஏற்றித்தான் தறிக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டுப்பாய் என்றால் இன்னும் மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி தன் உம்மாவின் விரலை மட்டும் பெரிதாக வரைந்தால் போதும், மரமே வேண்டாம்.

பாட்டுப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு இருக்கிறது, தென்மாவட்டத்துச் சொத்து. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். வில் பனையிலிருந்து வருகிறது, குடம் மண்ணிலிருந்து. எங்களுக்கு மண்பாண்டம் என்றால் காருகுறிச்சி. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் வேறு. ஆக, மேடையில் வைத்திருக்கும் வாத்தியமே தலைப்புக்குள் அடங்குகிறது. இதைச் சொல்லி நாலு வரி கட்டிப் பாடினால் எந்த நடுவரும் நிமிர்ந்து உட்காருவார். அதை விட்டுவிட்டு 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பாடிக்கொண்டே கழுத்தில் பிளாஸ்டிக் மாலை போட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நடனத்துக்கு ஆயிரக்கணக்கில் வாடகைக்கு உடுப்பு எடுக்க வேண்டியதில்லை. கும்மிக்கும் ஒயிலுக்கும் வீட்டிலிருக்கும் பாவாடை சட்டையும் வேட்டியும் துண்டும் போதும். அப்புறம், பிள்ளையின் களிமண் யானைக்குத் தும்பிக்கை கோணலாக இருந்தால் இருக்கட்டும். ராத்திரி உட்கார்ந்து நீங்கள் சரிசெய்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். எட்டு வயசு விரல் அழுத்திய தடமும் நாற்பது வயசு விரல் தடவிய வழவழப்பும் ஒன்றாக இருக்காது.

ஆசிரியர்களை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். ஓவியத்துக்கென்று முழுநேர ஆசிரியர் இல்லாத பள்ளிகள் ஏராளம். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு விழா எடுக்கும் அரசு, ஆண்டு முழுக்கச் சொல்லித்தர ஆள் போட வேண்டாமா? இதைக் கேட்காமல் விழாவை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆள் போடும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. கணக்கு வாத்தியாரும் தமிழ் அம்மாவும் ஆளுக்கொரு குழுவைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் மாவட்டம் வரை வந்து ஜெயித்திருக்கின்றன. பெயர் கொடுக்கக் கூச்சப்படும் பிள்ளையை, கடைசி பெஞ்சில் நோட்டின் பின்னட்டையில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை, அவர்கள்தான் கைபிடித்து இழுத்துவர வேண்டும். எப்போதும் மேடையேறும் நாலு பேரையே பாட்டுக்கும் பேச்சுக்கும் நாடகத்துக்கும் சேர்த்து அனுப்புகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம்.

இனி, படிப்புக் கெடுகிறது என்று எழுதிய அந்த வாசகருக்கு. பள்ளி அளவுப் போட்டிகள் பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அங்கேயே நின்றுவிடுகிறவர்கள்தான் பெரும்பாலான பிள்ளைகள். அவர்களுக்கு அதிகபட்சம் போவது சில பீரியடு. அதற்கு மேல் போகிற பிள்ளைக்கு, இதுவும் ஒரு படிப்புதான் என்று தெரியட்டுமே. 1850-ல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி சென்னையில் இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டுப் போய்ப் பட்டம் படிக்கலாம். இப்படிக் கல்லூரி உண்டு என்றே தெரியாமல் கிடைத்த சீட்டில் சேர்ந்துவிட்ட கைத்திறன் உள்ள பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் மகனோ மகளோ எதில் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள் ஐயா. கொடுக்கவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, பத்திரிகை ஆசிரியரான உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாநில அளவில் பட்டம் வாங்கும் பிள்ளைகளின் போட்டோவை எல்லாப் பத்திரிகைகளும் போடும். நீங்கள் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, பள்ளி அளவோடு நின்றுபோன பிள்ளைகளின் படங்களைப் போடலாமே. ஆசிரியர்கள் அனுப்பத் தயாராக இருப்பார்கள், இந்த வட்டாரத்தில் சேகரித்துத் தர நானும் இருக்கிறேன். படத்துக்குக் கீழே பெயரும் வகுப்பும் மட்டும் போட்டால் போதும், பரிசு உண்டா இல்லையா என்ற விவரம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருநெல்வேலி.