வன்னிக் காட்டில் நடக்க வரும் மாணவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிமாருக்கும், அவர்களைக் கூட்டிவரும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக, காட்டு வழியே நடந்து வரும் மாணவர்களுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்து வருகிறோம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போட்டுப் பழகிய மாவட்டம் இது. நடந்து வருகிறவர்கள் எங்களுக்குப் பாரமில்லை. நீங்கள் வந்தால் ஊரே கலகலப்பாகிவிடும். வரமுன்னம் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதற்காகத்தான் இந்த மடல்.

போன ஆவணியில் ஒரு குழு வந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர்களை எட்டு மணியாகியும் காணவில்லை. ஊர்ப் பெடியள் டோர்ச் லைட்டும் யானை வெடியும் எடுத்துக்கொண்டு உழவு இயந்திரத்தில் போனார்கள். சின்னக் குளம் ஒன்றின் அலைகரையில், மருத மரத்தடியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்தபடி இருந்தார்களாம். போனில் வரைபடத்தைப் பார்த்து நடந்தவர்களுக்கு, நன்றாக மிதிபட்ட அகலமான பாதை ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அது யானைத் தடம். ஆவணியில் சின்னக் குளங்கள் வற்றிவிடும். தண்ணீர் மிஞ்சிய இடத்துக்கு எல்லா மிருகமும் பொழுதுபட வந்து சேரும். எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அன்றிரவு ஒரு பிள்ளைக்கு இரண்டு குதிகாலும் தோல் உரிந்திருந்தது. அம்மம்மா வேப்பிலை போட்டு அவித்த தண்ணீரைச் சட்டியில் கொண்டுவந்து, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கழுவினார். "எங்களைக் கேட்டிருக்கலாமே, மோனை" என்று மட்டும் சொன்னார்.

வன இலாகாவின் அனுமதி எடுப்பது உங்கள் வேலை, அது இல்லாமல் வராதீர்கள். அதோடு எங்கள் ஊரில் தேன் எடுக்கிறவர் ஒருவரை முன்னால் நடக்க விடுங்கள், அவருக்கு நாள் கூலி கொடுங்கள். காட்டுக்குள் இறங்கமுன் அவர் குழை முறித்து ஐயனாருக்கு வைப்பார். நீங்களும் ஒரு நிமிடம் நின்று கும்பிடுங்கள். பாலை மரத்தில் கரடி ஏறிய நகக்கீறல் பழையதா, இன்று காலையதா என்று தடவிப் பார்த்தே சொல்வார். மிதிவெடி அகற்றும் வேலை இந்த மாவட்டத்தில் இன்னும் முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, ஆனால் மண்டையோட்டுப் பலகைகளை நாங்கள் இன்னமும் பார்க்கிறோம். எந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே விறகு பொறுக்கி, மாடு சாய்த்து வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வைகாசி, ஆனி நல்ல காலம். பாலைப்பழம் பழுத்துக் கிடக்கும். அதன் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டும், இனிப்போ விடாது. கரடிக்கும் அது பிடிக்கும், அதனால் கதைத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு வேண்டாம், மழையில் ஆறெல்லாம் மறித்துவிடும்.

அப்புறம், வீட்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி போனில் ஒலிப்பதிவைப் போட்டு வைத்துவிட்டு, "2009இல் எங்கே இருந்தீர்கள்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றார். அந்தத் தம்பியில் கோபமில்லை, படிக்கிற பிள்ளைக்கு அறிய ஆசை இருக்கும். ஆனால் எங்கள் துக்கம் உங்கள் பயண நிரலில் ஒரு பாடவேளை கிடையாது. இதே அம்மா, வேறொரு முறை வந்த தங்கச்சி ஒருத்தி பக்கத்தில் குந்தியிருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக் கொடுத்தபோது, கடைசிப் போர் நடந்த மாத்தளனிலிருந்து நடந்து வந்த கதையைத் தானாகவே சொன்னார். அந்தப் பிள்ளை ஒன்றும் எழுதவில்லை. கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டது.

தங்குகிற காசைச் சமைக்கிற பெண்களின் கையிலேயே கொடுங்கள். வரும் வைகாசிக்கு வருவதென்றால் மாசிக்குள் எங்கள் மாதர் சங்கத்தோடு கதையுங்கள். எத்தனை பேர், யாருக்கு மச்சம் (மீன், இறைச்சி) வேண்டாம், யாருக்கு நடக்கக் கஷ்டம் என்று சொன்னால் போதும், பாதையை நாங்கள் சொல்லித் தருவோம்.

குதிகால் உரிந்த அந்தப் பிள்ளை இதை வாசித்தால் ஒரு பதில் போடட்டும். கால் ஆறிவிட்டதா என்று அம்மம்மா இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சோறு போட்ட வீட்டு அக்கா ஒருத்தி