பண்டிதருக்கு, தாமதமாக

பண்டிதரே,

பதில் போடவில்லை என்று குண்டுவிடம் புலம்பினாயாம். அவனிடம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரிதான். இங்கே எல்லோரும் சௌக்கியம், அக்காவைத் தவிர. அவள் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

உன் மனைவிக்கு வந்தது சாதாரணக் கட்டிதான் என்று படித்ததும் எனக்கும் உயிர் வந்தது. ஆனால் உன் கடைசி வரி இருக்கிறதே: "வேண்டிக்கொண்டேன், கிடைத்தது. இதைவிட என்னடா ஆதாரம் வேண்டும்?" அதுதான் இத்தனை நாள் என்னைப் பேனா எடுக்க விடவில்லை.

ரிப்போர்ட் மாறி வந்திருந்தால் கடவுள் இல்லை என்று எழுதியிருப்பாயா? மாட்டாய். அவன் சித்தம் என்று எழுதியிருப்பாய். எப்படி வந்தாலும் ஜெயிக்கிற கட்சிக்குச் சாட்சி எதற்கடா?

2006-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேர். ஒரு பிரிவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இன்னொன்றுக்கு இல்லை. தாங்கள் எந்தப் பிரிவு என்று இவர்களுக்குத் தெரியாது. சிக்கல் வந்தது முதல் பிரிவில் 52 சதவீதம், மற்றதில் 51. மூன்றாம் பிரிவிடம் மட்டும் 'உங்களுக்காக வேண்டுகிறார்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு 59! தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களே சொன்னார்கள். கடவுள் என்ன பரீட்சை எழுதுகிறவரா என்று நீ சீறுவாய். நியாயம். அப்படியானால் உன் வீட்டு ரிப்போர்ட்டையும் விடைத்தாளாக நீட்டாதே.

இப்போது அக்கா. அவளுக்கு வந்தது நல்ல ரிப்போர்ட் இல்லை. உன்னைவிட அதிகம் வேண்டியவள். "இப்ப என்ன சொல்றாரு உன் சாமி?" என்றேன். மாத்திரை அட்டையில் மீதியை எண்ணிக்கொண்டே சொன்னாள்: "குடுத்தா இருக்காரு, குடுக்கலேன்னா இல்லேன்னு நான் என்னிக்குடா சொன்னேன்?"

போதிய ஆதாரமில்லாமல் எதையும் நம்புவது யாருக்கும் எப்போதும் தவறு என்று ஆங்கிலத் தத்துவவாதி கிளிஃபோர்ட் 1877-ல் எழுதினார். நான் காலேஜிலிருந்தே அந்தக் கட்சி. ஆதாரம் தீர்ப்புச் சொல்ல முடியாத, தள்ளிப்போடவும் முடியாத விஷயத்தில் மனசு ஒரு பக்கம் சாயலாம் என்று 1896-ல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் பதில் சொன்னார். சாயலாம், சரி, சாய்ந்த பக்கம் உண்மையாகிவிடுமா என்று இன்னமும் கேட்பேன். ஆனால் கிளிஃபோர்டின் உதாரணத்தில், ஓட்டைக் கப்பல் தாங்கும் என்று நம்பி அனுப்பிவிட்டான் முதலாளி, செத்தது பயணிகள். அக்காவோ ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவில்லை. யாரிடமும் எதையும் நிரூபிக்கவும் வரவில்லை. அவளோடு சண்டை போட என்னிடம் ஒன்றுமே இல்லையடா. உன்னோடு போட நிறைய இருக்கிறது.

அவளுக்கு ஒரு போன் போடு. உன் வீட்டு நல்ல செய்தியை ஆதாரமென்று அவளிடம் நீட்டினால் உதைப்பேன். பிரார்த்தனை செய்வதானால் தாராளமாகச் செய். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே, அந்த 59-இல் போய்ச் சேர வேண்டாம்.

உன்,
நாத்திகன்