அறிக்கை வெளிவர வேண்டும்

ஆசிரியருக்கு,

துபாய் விமானக் கண்காட்சியில் 2025 நவம்பர் 21 அன்று நம் விமானப்படையின் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். தீ அணையுமுன்பே ‘என்ஜின் கோளாறு’, ‘விமானியின் தவறு’ என்று சமூக வலைதளங்களில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மனம் கொதிக்கிறது.

இங்கிலாந்தின் ஷோரம் விமானக் கண்காட்சியில் 2015 ஆகஸ்டில் ஹாக்கர் ஹன்டர் என்ற பழைய போர் விமானம் விழுந்து, சாலையில் இருந்த 11 பேர் மாண்டார்கள். காரணத்தை உறுதிசெய்து அறிக்கை வர ஒன்றரை ஆண்டு ஆனது. குட்டிக்கரணத்துக்காக மேலேறும்போதே வேகம் போதவில்லை. உச்சியில் 3,500 அடியாவது இருக்க வேண்டிய விமானம் சுமார் 2,700 அடியில்தான் இருந்தது. அந்த உச்சியிலேயே சாகசத்தைக் கைவிட்டு நேராகப் பறந்திருக்கலாம். மூக்கு தரையை நோக்கித் திரும்பிவிட்டால் நிமிர்த்த உயரம் பற்றாது. இதெல்லாம் அறிக்கையில் எவரும் படிக்கலாம்.

பெங்களூரு எலகங்காவில் 2019 விமானக் கண்காட்சி ஒத்திகையில் நடந்தது வேறு: நம் விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் இரு விமானங்கள் வானிலேயே மோதின. ஆக, ஒரே காரணம் எல்லா விபத்துக்கும் பொருந்தாது.

நம் விமானப்படையின் விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. ராணுவ ரகசியங்களை நீக்கிவிட்டாவது தேஜஸ் அறிக்கையை வெளியிட வேண்டும். சூலூர் விமானப்படைத் தளத்தில் நமன்ஷ் சியாலுக்கு அஞ்சலி செலுத்தியவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

– வாசகர், கோவை