மைனிக்கு, உருண்டை விஷயமாக

அன்புள்ள மைனி,

உங்களைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் 'அம்மாவின் உருண்டை' என்று பெயர் எடுத்துவிட்ட அந்தச் சாக்லேட் பிஸ்கட் உருண்டை, உங்கள் கைவேலை என்று எழுதப் போகிறேன். சபைப் பெண்கள் சங்கத்தின் கிறிஸ்துமஸ் மலரில் அம்மா நினைவாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை முடிந்து பந்தியில் இருந்தபோது கேட்டார்கள். சித்தி உடனே, "அக்கா உருண்டையை எழுது, அதைவிட வேறென்ன வேண்டும்" என்றார். அண்ணன் எதிர்வரிசையில் இருந்தார். இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

உங்கள் பழைய எண் வேலை செய்யவில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், சொன்னவரை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன். நம் சொந்தக்காரர்களும் வாசிக்கிறார்கள். ஆகவே நீங்கள் ஏன் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இந்தக் கடிதத்தில் வராது. பாதி தெரிந்தவர்களுக்கு மீதிப் பாதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

2012 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். தென் மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத காலம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாக வரும் கீதபவனி எங்கள் தெருவுக்கு வரும் இரவு. அம்மா வழக்கம்போல கேக் மாவைப் பேக்கரிக்குக் கொடுத்தனுப்பி, அது அடுப்பேறாமலே திரும்பி வந்திருந்தது. வீட்டில் ஓவன் ஏது? பாடிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு வெறும் முறுக்கோடு டீ கொடுப்பதா என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தபோது, "சுடவே வேண்டாம் அத்தை, நான் செய்கிறேன்" என்றீர்கள்.

பெரம்பூரில் உங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்டி கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரம் உருண்டை. உபதேசியார் மகளான அம்மாவின் அடுக்களைக்குள் ரம் நுழையாது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கறுப்புத் திராட்சையை வேகவைத்து, பிழிந்து வடிகட்டி, சாறு கரண்டியில் கனமாக வழிகிற வரை வற்றவைத்தீர்கள். அம்மா அதை மோந்து பார்த்ததை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். பார்க்காதமாதிரி இருந்தீர்கள்.

மிக்ஸி ஓடவில்லை. மேரி பிஸ்கட்டை அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியில் முடிந்து, அதன்மேல் அம்மிக்குழவியை உருட்டினீர்கள். நான் மெழுகுவர்த்தி பிடித்தேன். லண்டனில் பீக் ஃப்ரீன் கம்பெனி 1874இல் ருஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவின் கல்யாணத்துக்காக முதலில் சுட்ட பிஸ்கட் இது என்று வகுப்பெடுத்தீர்கள். ஓரங்களில் புள்ளி வைத்து, நடுவில் பெயர் பதித்து, அப்படியே இருக்கிறதே என்று ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள். எனக்கு அதுவரை எந்தப் பலகாரத்துக்கும் ஒரு வருஷமும் ஒரு ஊரும் உண்டு என்று தெரியாது. "கல்யாணத்துக்குச் சுட்டதைக் கிறிஸ்துமஸுக்கு நொறுக்குகிறாயாக்கும்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா உங்களிடம் சிரித்துப் பேசியதே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களுக்காக இதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு அந்த மூடி.

சென்னையிலிருந்து நீங்கள் உங்கள் காசில் வாங்கி வந்த சாக்லேட் கட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தில் உருகிக்கொண்டிருந்தது. உருண்டைகளை அதில் முக்கி எடுப்பது திட்டம். சீக்கிரம் உருகட்டும் என்று அம்மா ஒரு மூடியைப் போட்டிருந்தார். உருகிவிட்டதா பார்ப்போம் என்று அவரே அதைத் தூக்கினார். மூடிக்கு அடியில் கோர்த்திருந்த நீராவித் தண்ணீர் விளிம்புக்கு ஓடிவந்து கிண்ணத்துக்குள் சொட்டியது. அவ்வளவு பளபளப்பாகக் கிடந்த சாக்லேட், கரண்டியால் ஒரு கிளறு கிளறியதும் மங்கி, திப்பிதிப்பியாகத் திரண்டு, கரண்டியைக் கவ்விக்கொண்டு எழும்பியது.

சாக்லேட்டில் சர்க்கரையும் கோகோவும் கொழுப்புக்குள் உலர்ந்த துகள்களாக மிதக்கின்றன. துளி ஈரம் போதும், சர்க்கரை நனைந்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது நான் பின்னால் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும். மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். கீழே வைக்கவும் தோன்றவில்லை.

நீங்கள் மூடியைப் பார்த்தீர்கள். "தண்ணீர் கொதித்துத் தெறித்துவிட்டது அத்தை, நான் தீயைக் குறைத்திருக்க வேண்டும்" என்றீர்கள்.

தெறிக்கவில்லை மைனி. தீ ஏற்கெனவே குறைவாகத்தான் எரிந்தது. நான் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றேன், எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளறினீர்கள். கெட்டது ஈரத்தால், சரியாவதும் ஈரத்தால் என்பதை அன்றுதான் கண்டேன்; துளி பட்டால் திரிவது, நிறைய விட்டால் குழம்பாக இளகிவிடுகிறது. ஆனால் பால் கலந்த சாக்லேட் மேல்பூச்சாக இறுகாது. ஃப்ரிட்ஜும் ஓடவில்லை. பாளையங்கோட்டை டிசம்பரை நம்பி எதையும் உறைய வைக்க முடியாது. முக்குவதை விட்டுவிட்டு, அதை அப்படியே பிஸ்கட் தூளில் ஊற்றிப் பிசைந்தீர்கள். உருட்ட உருட்டக் கையில் ஒட்டியது. அம்மா உள்ளே போனார். முந்திரிக்கொத்துக்குப் பொன்னிறமாக வறுத்து வைத்திருந்த தேங்காய்த்துருவலை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு வந்து, "இதில் புரட்டு" என்றார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். ஊசிக்கோபுரத் தேவாலயம் பக்கமிருந்து கிதார் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு வந்த பிள்ளைகள் தட்டை வழித்தெடுத்ததும், பாடிய வாலிபர்களில் ஒருவன் இரண்டாவது முறை பாடி இன்னொரு தட்டு கேட்டதும் உங்களுக்கே தெரியும்.

அந்த மூடி விஷயத்தை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு எவ்வளவோ சொல்லியிருக்கலாம் என்ற நாட்களிலும் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள்மேல் எனக்கு இவ்வளவு பாசம். அதனால்தான் கோபமும். அம்மாவின் முகத்தை அப்படிக் காப்பாற்றத் தெரிந்த உங்களுக்கு, அம்மா கண்ணை மூடிய செய்தி வந்த பிறகு ஒரு நாள் வந்து நிற்கத் தெரியவில்லையே. செய்தி வந்தது என்று எனக்குத் தெரியும். வாசலில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சொல்லியிருக்கவும் கூடும். நான் இருந்தேனே.

நீங்கள் வீட்டைவிட்டுப் போன அந்த வருஷமும் டிசம்பரில் அம்மா யாரும் கேட்காமல் உருண்டை பிடித்தார். திராட்சைச் சாறு உட்பட எல்லாம் உங்கள் கணக்குப்படி. "உங்கள் உருண்டை பிரமாதம்" என்று முதன்முதலில் யாரோ சொன்னபோது அம்மா ஆமாம் என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. டீ கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் அப்படியே பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் பெயரை உச்சரித்தால் வீடே இறுகிப்போகும் காலம் அது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், என் பேச்சை யார் எடுப்பார்கள்? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். அந்த விஷயத்தில் நான் யார் பக்கமும் இல்லை. உங்கள் பக்கம் வந்திருப்பேன், கேட்டிருந்தால். சரி, இதற்குமேல் வேண்டாம்.

மலருக்கு எழுதியிருப்பது இதுதான், தப்பிருந்தால் திருத்துங்கள். மேரி பிஸ்கட் அரை கிலோ. எல்லாம் மாவாக வேண்டாம், ரவை அளவிலும் கொஞ்சம் கிடக்கட்டும், கடிக்கத் தட்டுப்பட வேண்டும். கோகோ ஐந்து மேசைக்கரண்டி. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், உருக்கி ஆறவைத்தது. மில்க்மெய்ட் டின் ஒன்று, ஆனால் ஒரேயடியாகக் கவிழ்க்கக்கூடாது. முக்கால் டின் விட்டுப் பிசைந்து கால் மணி நேரம் மூடிவைத்தால் பிஸ்கட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் வேண்டுமானால்தான் மீதி. அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றியவர்கள்தான் இளகிவிட்டது என்று மறுபடி பிஸ்கட் வாங்க ஓடுகிறார்கள். சாக்லேட் 200 கிராம், பால் விட்டு இளக்கியது. திராட்சைச் சாறு நான்கு கரண்டி. தேங்காயை ஈரம் போக வறுத்தால்தான் தாங்கும். பச்சைத் துருவலில் புரட்டினால் மறுநாளே மணம் மாறும்.

சாக்லேட்டில் முக்கி எடுப்பதுபற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், உங்கள் முதல் திட்டம் அதுதானே. நம் ஊர் வெயிலுக்குக் கோகோ வெண்ணெய் சேர்ந்த நல்ல சாக்லேட்டைவிட, தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட்தான் மேல்பூச்சுக்குத் தோது. பக்குவம் பார்க்காமலே இறுகும், தட்டில் வைத்தாலும் சீக்கிரம் கசியாது. சுவை அவ்வளவு இருக்காது. நானானால் தேங்காய்தான்.

அந்தத் தேங்காயால்தான் உங்களுக்கு என்மேல் வருத்தம் வரப்போகிறது. உருண்டை உங்களுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புரட்டியது அம்மாவின் தேங்காயில். அந்தத் தேங்காய் இல்லாத உருண்டையை இந்த ஊரில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. அதனால் பக்கத்தின் மேலே உங்கள் பெயரையும் அம்மாவின் பெயரையும் ஒரே வரியில் போடப்போகிறேன். உங்களோடு சேர்த்துத் தன் பெயரைப் பார்க்க அம்மா சம்மதித்திருப்பாரா என்று சித்தி கேட்பார். நீங்களும் அதையே என்னிடம் கேட்கலாம். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: நான் மெழுகுவர்த்தி பிடித்தவள், பார்த்ததை எழுதுகிறேன். மூடி விஷயம் மலரில் வராது.

ஒரே ஒரு சங்கதி மட்டும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயருக்கு முன்னால் அண்ணன் எழுத்தைப் போடுவதா, உங்கள் அப்பா எழுத்தைப் போடுவதா? டிசம்பர் முதல் வாரத்துக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் எழுத்தே இல்லாமல் வெறும் பெயராகப் போடுவேன். அம்மா பெயருக்கு முன்னால்தான் போடுவேன்.

உங்கள் நாத்தனார்